அக்காவின் தற்குறிப்பேற்றம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனதில் தானாக உதித்தது அல்ல. பதிப்பாளர் போனில் திட்டியதால் வந்தது. நான் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ்க் கையேடு எழுதுகிறவன். ஒரு செய்யுளை உரித்து, சொற்பொருளைத் தனியாக, அணியைத் தனியாக, ஐந்து மதிப்பெண் விடையைத் தனியாக எடுத்து வைப்பது என் தொழில். கவிஞர்கள் என் கையில் என்ன பாடு படுவார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

"தற்குறிப்பேற்ற அணிக்கு நீங்க குடுக்கிற உதாரணம் புளிச்சுப் போச்சு சார்," என்றார் பதிப்பாளர். "அப்பா படிச்சதையே பிள்ளையும் படிக்குது. புதுசா ஒண்ணு பிடிச்சுட்டு வாங்க."

புதிதாக ஒன்று தேடி அக்கா வீட்டுக்குப் போனேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது.

(இலக்கணத்தைப் பள்ளி வாசலிலேயே விட்டுவிட்டு வந்தவர்களுக்காக ஒரு குறிப்பு. தானாக, இயல்பாக நடக்கிற ஒன்றின்மேல் கவிஞர் தன் மனதில் இருக்கிற காரணத்தை ஏற்றிச் சொன்னால் அது தற்குறிப்பேற்றம். சாயங்காலம் சூரியன் மறையும். தினமும்தான் மறையும். 'எங்கள் தெருப் பெண்ணின் அழகைப் பார்த்து வெட்கப்பட்டு ஓடி ஒளிந்தான்' என்று எழுதினால் அணி. மூன்று மதிப்பெண்.)

2

தொடக்கம் சரியாக அமையவில்லை. எழுதி அடித்தவற்றையும் விட்டுவைக்கிறேன், பாருங்கள்.

'காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி அந்த மாடிவீட்டை—'

வேண்டாம். கதிரவனுக்கு இந்தக் கதையில் ஒரு வேலையும் இல்லை.

'அந்த வீட்டில் இரு சகோதரிகள் வாழ்ந்தனர். ஒருத்தி கீழே, ஒருத்தி மேலே. இருவருக்கும் நடுவே இருந்தது வெறும் கான்கிரீட் அல்ல, அது ஒரு—'

இதுவும் வேண்டாம். குண்டூசி சிரிப்பாள்.

குண்டூசி என் அக்கா மகள். பதினொன்றாம் வகுப்பு. எதைக் கண்டாலும் குத்திப் பார்க்காமல் விடமாட்டாள் என்பதால் நான் வைத்த பெயர். இந்தக் கதையை நான் எழுத எழுதப் படிக்கிறவளும் அவள்தான். சதுர அடைப்புக்குள் எங்காவது ஒரு குரல் கேட்டால் பயப்பட வேண்டாம், அது அவள்.

[என் பேரு முதல் வரியிலேயே வந்திருக்கணும். கதையே என்னோடது. — கு.]

3

சாதாரணமாகவே தொடங்கிவிடுகிறேன். கீழ்வீட்டில் இருப்பது அக்கா. தையல் வேலை, முக்கால்வாசி பள்ளிச் சீருடை. தைத்த வெள்ளைச் சட்டைகளை, அளவுக்குப் போட்ட சாக்பீஸ் கோடு போவதற்காக ஒரு முறை அலசி, ஜன்னலுக்கு வெளியே கொடியில் வரிசையாகக் காயப் போடுவாள். மாடியில் இருப்பது தங்கை. கண்ணாடிக் கடையில் வருகிறவர்களுக்குக் கண் பரிசோதிக்கிற வேலை. அவளுடைய பால்கனியில் பூந்தொட்டிகள். தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினால் அடியில் வழியும். வழிந்தது கீழே சொட்டும். கீழே வெள்ளைச் சட்டை. கதைக்கரு இவ்வளவுதான், மற்றதெல்லாம் அலங்காரம்.

செம்மண் கறை பட்ட முதல் நாளே அக்கா மாடிக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "ஊருக்கெல்லாம் கண்ணு பார்க்கிறவளுக்குக் கீழ தொங்கற சட்டை தெரியலையாம்!"

தங்கை தொட்டிகளை உள்ளே தள்ளி வைத்தாள். ஆனால் அந்தப் பால்கனித் தரையைப் போட்ட கொத்தனார் சரிவை வெளிப்பக்கமாக வைத்துவிட்டார். தண்ணீர் எங்கே ஊற்றினாலும் தேடிக்கொண்டு போய் அக்கா சட்டைமேல்தான் விழுந்தது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. ஒரு வருஷம் ஆகிவிட்டது.

பேச்சுதான் இல்லையே தவிர, கவிதைக்குக் குறைவில்லை.

"அது தண்ணின்னு நினைக்கிறியா?" என்பாள் அக்கா என்னிடம். "என் சட்டை பளிச்சுன்னு இருக்கிறது அந்தத் தொட்டிக்கே பொறுக்கலடா. பார்த்துப் பார்த்துத் துப்புது."

மாடிக்குப் போனால் தங்கை: "அண்ணா, காலையில நான் கொஞ்சம் கண்ணசந்தா போதும், கீழ இருக்கிற மிஷினுக்கு மூக்கு வேர்த்துரும். நான் நிம்மதியா தூங்கறேன்னு தெரிஞ்சுதான் கடகடன்னு கத்துது."

பள்ளி திறக்கும் முன் சட்டை கொடுக்க வேண்டும், அதனால் அக்கா விடிகாலையிலேயே மிஷினில் உட்காருகிறாள். அவ்வளவுதான். சாயங்காலம் கொசு வருகிறது என்று அக்கா ஜன்னலைச் சாத்துவாள். அந்த நேரம் பார்த்துத் தங்கை வேலையிலிருந்து வந்து படியேறுவாள். "என்னைப் பார்த்தா அந்த ஜன்னலுக்குக்கூட முகம் சுளிக்குது" என்பாள்.

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இந்த வீட்டில் மத்தளம் நான்தான். கீழே டீ குடிக்காவிட்டால், "மேல குடிச்சிட்டுத்தானே இறங்கினே?" மேலே குடிக்காவிட்டால், "கீழ இருந்து உத்தரவு வரலையோ?" இரண்டு டீயையும் குடித்துவிடுவது என் அரசியல்.

* ஓர் அடிக்குறிப்பு. வீட்டு ஆண்கள் எங்கே என்று கேட்பீர்கள். அக்கா வீட்டுக்காரர் கப்பலில் வேலை. கரைக்கு வந்தால் தூங்குவார். தங்கை வீட்டுக்காரர் சண்டை வாடை அடித்த உடனே போனைக் காதில் வைத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார். மறுமுனையில் யாரும் இருப்பதில்லை. இருவரையும் கதையிலிருந்து நீக்கிவிடுகிறேன், அவர்கள் ஆட்சேபிக்கமாட்டார்கள்.

[அப்போ மாமா பாத்திரம் எதுக்கு? — கு.]

[டீ குடிக்க.]

4

குண்டூசியின் தமிழ் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் நேற்று டீச்சர். புதுச் சொல் ஒன்று படித்தால், மறுநாள் அதை வைத்து வாக்கியம் சொல்ல வேண்டும். அந்த வாக்கியம் நேற்று நிஜமாகவே நடந்ததாக இருக்க வேண்டும். 'பூங்காவில் மலர்கள் மலர்ந்தன' என்று யாராவது எழுந்தால், "எந்தப் பூங்கா? நேத்து நீ போனியா?" என்று உட்கார வைத்துவிடுவார். வெகுளி என்றால் கோபம் என்று படித்த மறுநாள் ஒரு பையன் எழுந்து, "நேற்று அண்ணனின் போனை எடுத்தேன், வெகுளி என்னவென்று முதுகால் அறிந்தேன்" என்றானாம். ஈகை என்ற சொல்லுக்கு மட்டும் வகுப்பே வாயைத் திறக்கவில்லையாம்.

அணிகளுக்கும் அதே சட்டம். உயர்வு நவிற்சியா, வஞ்சப் புகழ்ச்சியா, எதுவானாலும் வீட்டில் யாராவது சொல்லி, காதால் கேட்டு வர வேண்டும். உயர்வு நவிற்சி எல்லாருக்கும் சுலபமாகக் கிடைத்தது. 'ஆயிரம் தடவை சொல்லிட்டேன்' என்று சொல்லாத அம்மா உலகத்தில் உண்டா? வஞ்சப் புகழ்ச்சிக்கு, 'நீ படிக்கிற படிப்புக்குக் கலெக்டர் வேலை தேடி வரும்' போதுமானதாக இருந்தது. தற்குறிப்பேற்றத்தில்தான் வகுப்பு திணறியது. இந்தக் காலத்தில் எந்த வீட்டில் நிலவைப் பார்த்து வருந்துகிறார்கள்?

குண்டூசி எழுந்து தொட்டியைச் சொன்னாள். மிஷினைச் சொன்னாள். ஜன்னலைச் சொன்னாள். வகுப்பு மேஜையைத் தட்டியது.

"உங்க அம்மா கவிதை எழுதுவாங்களா?" என்று கேட்டாராம் டீச்சர்.

"இல்ல மிஸ், டெய்லர்."

"சித்தி?"

"கண் டெஸ்ட் பண்றவங்க."

"இவ்வளவும் ஒரே வீட்டுலயா?"

"ஒரே வீடுதான் மிஸ். ஆனா பேசிக்க மாட்டாங்க."

இதைச் சொல்லும்போது என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தக் கடைசி வரியில் டீச்சர் சிரிக்கவில்லையாம். தலையைத் தடவிவிட்டு, "உட்காரும்மா" என்று மட்டும் சொன்னாராம்.

5

அன்று சாயங்காலமே செய்தி வந்தது. தங்கை வேறு வீடு பார்த்துவிட்டாள். ஊரின் அந்தக் கோடியில். ஞாயிற்றுக்கிழமை வண்டி வருகிறது.

"எலி வளையானாலும் தனி வளை வேணும்ணா," என்றாள் என்னிடம். பெட்டிக்குள் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள். சுற்றிய ஒரு டம்ளரையே பிரித்து மறுபடியும் சுற்றினாள்.

கீழே அக்காவிடம் சொன்னேன். மிஷின் நின்றது. "போறவளைப் பிடிச்சா வைக்க முடியும்?" என்றாள். மிஷின் மறுபடி ஓடியது. அன்று அவள் தைத்த சட்டைக்கு ஒரு கை நீளம், ஒரு கை குட்டை.

குண்டூசிதான் உடைந்து போனாள். அவள் பிறந்ததிலிருந்து கீழ்வீட்டுப் பிள்ளையும் அல்ல, மேல்வீட்டுப் பிள்ளையும் அல்ல, படிக்கட்டுப் பிள்ளை. "சித்தி போயிட்டா நான் யார்கிட்ட மாமா வம்பு பண்ணுவேன்?" என்று என் சட்டையில் மூக்கைத் துடைத்தாள். நானும் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். மாமனாக அல்ல, தம்பியாகவும் அண்ணனாகவும்.

அழுது முடித்ததும் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. நோய்க்குப் பெயர் தெரிந்துவிட்டது. பெயரைச் சொன்னால் நோய் போய்விடும் என்று நம்பினாள். படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் ஒரு கட்டத்தில் அப்படித்தான் நம்புவார்கள். நேராக அம்மாவிடம் போனாள்.

"அம்மா, தண்ணி ஊத்தினா தொட்டி சொட்டும். அது இயல்பு. நீதான் அதுமேல உன் குறிப்பை ஏத்துற. அதுக்குப் பேரு தற்குறிப்பேற்றம்."

"அப்படியா?" என்றாள் அக்கா, வாயில் இருந்த ஊசியை எடுத்துவிட்டு. "பெத்தவளுக்குப் பாடம் எடுத்தா அதுக்குப் பேரு என்ன?"

அடுத்து மாடிக்குப் போய்ச் சித்தியிடமும் அதையே சொன்னாள். "உங்கம்மா சொல்லி அனுப்பினாளா?" என்ற ஒரே கேள்வியோடு திரும்பி வந்தாள்.

[நான் அழுததை எழுத வேண்டாம்னு சொன்னேனே. — கு.]

[எழுதியாகிவிட்டது.]

6

இந்த இடத்தில் நான் இரண்டு நாள் கதையை நிறுத்திவிட்டேன். குண்டூசி செய்த அடுத்த காரியத்தை எப்படி எழுதுவதென்று புரியவில்லை. நல்ல பிள்ளையாக அவளை உருவாக்கிக்கொண்டு வந்தேன். அவள் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

அதே தொட்டி, அதே மிஷின், அதே ஜன்னல். ஏற்றிய சரக்கை மட்டும் மாற்றினாள்.

"சித்தி, மிஷின் ஏன் நடுநடுவுல நிக்குது தெரியுமா? நீங்க எந்திரிச்சுட்டீங்களான்னு காது குடுத்துக் கேக்குது."

(அடிநூல் தீர்ந்தால் நிற்கும். வேறொன்றும் இல்லை.)

"அம்மா, தொட்டி ஏன் சுத்திச்சுத்தி உன் பக்கமே சொட்டுது? சித்தியால இறங்கி வர முடியலை, தண்ணியை அனுப்பி விடறாங்க."

(கொத்தனார்.)

"சித்தி, நீங்க படியேறும்போது ஜன்னல் ஏன் சாத்துது? உங்களைப் பார்த்தா கூப்பிட்டுருவோமோன்னு அதுக்குப் பயம்."

(கொசு.)

கையும் களவுமாகப் பிடித்துக் கேட்டேன். "என்னடி இது, பச்சைப் பொய்?"

"பொய்யா?" இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அவங்க கெட்டதை ஏத்தினா அணி, நான் நல்லதை ஏத்தினா பொய்யா? பரீட்சையில எழுதினா மூணு மார்க் குடுப்பீங்க, வீட்டுல சொன்னா காதைத் திருகுவீங்களா? உங்க கையேட்டுல எந்தப் பக்கத்துல மாமா அப்படிப் போட்டிருக்கு?"

போட்டிருக்கவில்லை.

பலித்ததா என்றால், ஏதோ கொஞ்சம். சனிக்கிழமை விடிகாலை நான் கீழ்வீட்டில் இருந்தேன். மிஷின் அடிநூல் தீர்ந்து நின்றது. மேலே தங்கை இருமினாள். லேசாக, வேண்டுமென்றே இருமுகிறவர்கள் இருமுவது மாதிரி. அக்கா அடிநூல் சுற்றுகிற பாபினைக் கையில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். "இருமலுக்கு ஒரு மருந்து வாங்கிக் குடிக்கத் தெரியாதா அவளுக்கு?" என்றாள். நூல் மாட்டிய பிறகும் கொஞ்ச நேரம் மிஷினை ஓட்டவில்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் அக்காவும் மேலே போகவில்லை, தங்கையும் கீழே வரவில்லை. வண்டியை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

7

ஞாயிற்றுக்கிழமை.

'வானம் இருண்டு, காற்று ஊளையிட்டு, பிரிவின் துயரை—'

இல்லை. வெயில் கொளுத்தியது. இதிலேயாவது நேற்று டீச்சருக்கு உண்மையாக இருக்கிறேன்.

சின்ன வேன் ஒன்று பின்பக்கமாக வளாகத்துக்குள் வந்து நின்றது. கட்டில், பீரோ, பெட்டிகள் எல்லாம் ஏறின. தங்கை வீட்டுக்காரர் போனோடு முன்னாலேயே புது வீட்டுக்குப் போய்விட்டார். நான் மெத்தையைச் சுமந்தேன். மெத்தையைச் சுமந்தால் முகம் தெரியாது என்பது ஒரு வசதி. டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து வண்டியைக் கிளப்பினார். பூந்தொட்டிகள் மட்டும் பாக்கி. தங்கை ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

"கேட்டைத் திறங்கம்மா, வண்டி வெளிய போகணும்," என்றார் டிரைவர்.

அக்கா வாசலில் நின்றாள். கழுத்தில் அளவு நாடா. கேட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அது திறக்காது."

"ஏம்மா?"

"அதுக்கு மனசு வரலை."

டிரைவர் கேட்டைப் பார்த்தார். "பூட்டு தொங்குதேம்மா."

"பூட்டுக்கும்தான் மனசு வரலை."

குண்டூசி ஓடி வந்தாள். இந்தப் பெண்ணுக்கு எந்த நேரத்தில் என்ன பேசுவதென்று கிடையாது. "அம்மா, தப்பு! இது அணியே இல்ல! இயல்பா நடக்கிறது மேலதான் குறிப்பை ஏத்தணும். இதைப் பூட்டினது நீ! சாவி உன் இடுப்புல இருக்கு!"

"சும்மா இருடி," என்றாள் அக்கா. இடுப்பிலிருந்த சாவியைக் கையால் மூடிக்கொண்டாள். "எனக்கு மார்க் வேண்டாம்."

எத்தனையோ வருஷமாக அணியிலக்கணம் எழுதுகிறேன். நான் கேட்ட வரிகளிலேயே நல்ல வரி அதுதான். எந்தத் தலைப்பின் கீழ் போடுவதென்று தெரியவில்லை. கையேட்டில் சேர்க்கவும் மாட்டேன். படியில் தங்கை தொட்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

8

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

அ) சகோதரிகள் ஓடிவந்து கட்டிக்கொள்கிறார்கள், தொட்டி உடைகிறது, மண்ணில் கண்ணீர் விழுந்து—

[இவங்க ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு நீங்க எப்பவாவது பார்த்திருக்கீங்களா? — கு.]

ஆ) சாவி கைமாறுகிறது. வண்டி போகிறது. ஆனால் அடுத்த ஞாயிறு முதல் அக்கா பஸ் பிடித்து—

[பஸ்ஸா! அம்மாவுக்குப் பஸ்னாலே வாந்தி. — கு.]

இ) பல வருஷங்களுக்குப் பிறகு, குண்டூசி ஒரு தமிழாசிரியையாகி, வகுப்பில்—

[வேண்டவே வேண்டாம். — கு.]

அவள் சொல்வது சரி. நடந்ததை மட்டும் எழுதுகிறேன், அதுவும் பாதி வரைக்கும்தான். மீதி எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் எந்தக் கேள்வி கேட்டாலும் அடுத்த பக்கத்திலேயே விடையை அச்சடித்துக் கொடுத்தே பழகிய கை இது. ஒரே ஒரு கேள்விக்காவது விடை கொடுக்காமல் இருந்து பார்க்க ஆசையாக இருக்கிறது. பதிப்பாளர் மன்னிக்கட்டும்.

தங்கை தொட்டியைப் படியிலேயே வைத்தாள். கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். பிறகு தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தாள். ஒரு பஞ்சுத் துணுக்கு மேகம்கூட இல்லை. கண்ணைக் கூச வைக்கிற நீலம்.

"மழை வர்ற மாதிரி இருக்கே," என்றாள், யாரையும் பார்க்காமல். "கட்டில் நனைஞ்சிரும்."

அக்காவும் மேலே பார்த்தாள். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, நிதானமாக, கிழக்கிலிருந்து மேற்குவரை பார்த்தாள்.

"ஆமாண்டி," என்றாள். "நல்லா கருத்துக்கிட்டு வருது."

ஒரு வருஷத்துக்குப் பிறகு தங்கையிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. குண்டூசி வாயைத் திறந்தாள். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே நல்ல காரியமாக, அவள் வாயைப் பொத்தினேன்.

டிரைவர் என்ஜினை நிறுத்தவில்லை. கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி வானத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். கடைசியில், கொஞ்சம் தெளிவான ஆள் நான்தான் என்று தப்பாக நினைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "சார், நீங்களாவது சொல்லுங்க. மழை வருமா, வராதா? ஏத்தினதை இறக்கவா, இல்ல கிளம்பவா?"

என்னைக் கேட்டால் நான் யாரைக் கேட்பது? இவ்வளவு தூரம் கூடவே வந்திருக்கிறீர்கள். நீங்களும் ஒரு தடவை மேலே பார்த்து, அவருக்கு ஒரு பதில் சொல்லிவிடுங்கள்.